ஸ்கேன் அறிக்கை சரியாக இருந்தும் அப்பா தவிக்கிறார்: நோயாளி சொல்வது ஆய்வில் சேருமா?

கேள்வி – திருவொற்றியூரிலிருந்து:
வணக்கம். சிறுகுடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய நியூரோஎண்டோகிரைன் கட்டிக்காக (ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் புற்றுநோய்) 61 வயதான என் அப்பாவுக்கு மாதந்தோறும், அந்தச் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி போடுகிறோம். கட்டி வளரவில்லை என்கிறது ஸ்கேன் அறிக்கை. ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. வழியில் அடக்க முடியாமல் போய்விடுமோ என்று அஞ்சி, காசிமேட்டில் வலை பின்னப் போவதையே விட்டுவிட்டார். அடுத்து, கதிரியக்க மருந்தை ஊசி வழியே கட்டிக்குச் செலுத்தும் லுட்டீசியம் சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்கள். இதை ஆராய்ந்தவர்கள் கட்டியின் அளவை மட்டும்தான் பார்த்தார்களா, நோயாளி படும் பாட்டையும் கேட்டார்களா?

மறுமொழி – பெரம்பூர், மருத்துவ ஆய்வுகளில் தரவுப் பணி:
கேட்டார்கள், அம்மா. இந்தச் சிகிச்சையைச் சோதித்த நெட்டர்-1 ஆய்வில் லுட்டீசியம்-177 டோட்டேட்டேட் என்ற அந்த மருந்தைப் பெற்றவர்களும், அதிக அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்றவர்களும் 12 வாரங்களுக்கு ஒருமுறை தாங்களே வினாத்தாள் நிரப்பினார்கள். பொதுவான புற்றுநோய் வினாத்தாளில் 30 கேள்விகள், இந்தக் கட்டிக்கென்றே அமைந்ததில் 21. மதிப்பெண் 0 முதல் 100 வரை. 10 புள்ளி சரிந்தால்தான் நிலை மோசமானதாகக் கணக்கு. ஒட்டுமொத்த வாழ்க்கைத் தரம் அவ்வாறு சரிய லுட்டீசியம் பிரிவில் இடைநிலை அளவாக (பாதிப் பேருக்கு இதற்குள், மீதிப் பேருக்கு இதற்குப் பின்) 28.8 மாதங்களும் மற்றதில் 6.1 மாதங்களும் ஆயின என்று 2018இல் வெளியிட்டார்கள். எந்த மருந்து கிடைக்கிறது என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. ஆகவே நம்பிக்கையும் விடைகளில் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள்.

மறுமொழி – தண்டையார்பேட்டை, நான்காண்டுகளாக இதே நோயுடன்:
ஆக்ட்ரியோடைடு வகையைச் சேர்ந்த லான்ரியோடைடு ஊசியை ஆராய்ந்த கிளாரினெட் ஆய்வில் கட்டியின் வளர்ச்சி தாமதப்பட்டும் வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று படித்து முதலில் மனம் சோர்ந்தேன். பிறகுதான் புரிந்தது: ஹார்மோன் தொல்லை தராத கட்டி உள்ளவர்களே அதில் இருந்தார்கள், தொடக்கத்திலேயே அதிகம் துன்பப்படாதவரிடம் எந்த முன்னேற்றத்தை அளக்க முடியும்? உங்கள் அப்பாவின் நிலை வேறு. எனக்கு ஒரே மனக்குறை, அந்த வினாத்தாள்களில் ‘கடந்த ஒரு வாரத்தில்’ என்றுதான் பல கேள்விகளும் தொடங்குகின்றன. ஊசி போட்ட வாரமும் அடுத்த ஊசிக்கு முந்தைய வாரமும் எனக்கு ஒன்றல்ல.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்பாவுக்கும் ஊசிக்கு முந்தைய பத்து நாள்தான் கடினம். மருத்துவர் கேட்டால் மட்டும் “பரவாயில்லை” என்று சொல்லிவிடுகிறார்.

மறுமொழி – பெரம்பூர்:
அப்படியானால் நாட்காட்டித் தாளிலேயே எத்தனை முறை போனார், இரவில் எழுந்தாரா, முகம் சிவந்து சூடேறியதா, எந்த வேலையை விட்டார் என்று தேதிவாரியாகக் குறித்து வாருங்கள். இந்த நோயின் வயிற்றுப்போக்கைக் குறைக்கும் டெலோட்ரிஸ்டாட் மாத்திரையின் டெலஸ்டார் ஆய்வே, ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிகிறது என்ற எண்ணிக்கையை முதன்மை அளவாகக் கொண்டதுதான். அதை அறிந்தவர் நோயாளி ஒருவரே. ஊசித் தேதியையும் சேர்த்து எழுதி, அடுத்த முறை ஸ்கேன் படத்தோடு மருத்துவர் மேசையில் வையுங்கள்.