மருத்துவ நிதிக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

தண்ணீர் ஊற்றும் தொண்டர், பாஸ்டன் பக்கம்

மாசசூசெட்ஸில் இருப்பவர்களுக்குப் பான்-மாஸ் சேலஞ்ச் என்ற சைக்கிள் பயணம் தெரிந்திருக்கும். ஆகஸ்ட் முதல் வார இறுதியில் ஸ்டர்பிரிட்ஜில் கிளம்பி, இரவு போர்னில் தங்கி, மறுநாள் கேப் காட் முனையில் ப்ராவின்ஸ்டவுனில் போய் முடியும். முதல் நாள் மட்டும் நூறு மைலுக்கு மேல். திரட்டுகிற பணம் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு. எனக்கும் சைக்கிளுக்கும் வெகு தூரம். வழியில் ஒரு நிறுத்தத்தில் வாழைப்பழம் நறுக்கி, பாட்டில் நிரப்பிக் கொடுக்கிற ஆள் நான்.

பாட்டில் நிரம்புவதற்குள் கேட்டுவிடுவேன்: எதற்காக இதில் சேர்ந்தீர்கள்? உடனே வருகிற பதில் பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். ஆபீஸில் டீம் போட்டார்கள், மச்சான் இழுத்து வந்தான், எடை குறைக்கணும். இரண்டு வாய் தண்ணீர் குடித்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துவட்டிய பிறகுதான் அடுத்த பதில் வரும். அக்கா. மகன். பக்கத்து வீட்டுப் பிள்ளை.

ஒருவர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மார்க்கர் பேனாவால் பெயர்களாக எழுதியிருந்தார். வியர்வையில் பாதி அழிந்துபோயிருந்தது. திரும்ப எழுதித் தர முடியுமா என்று கையை நீட்டினார். டிஷ்யூவால் துடைத்துத் துடைத்து எழுதினேன். ஈரத்தில் பேனா வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு பெயருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். ‘இவர் ரேடியேஷனுக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்காருவார். எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.’

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

ஓட்டுகிறவர், வொர்செஸ்டர்

நான் அந்த ஆபீஸ் டீம் வகைதான் அண்ணா. ஆனால் பெயர் கொடுத்தது என் மனைவிக்கு லிம்போமா என்ற புற்றுநோய் வந்துபோன பிறகு. கீமோ நடக்கும்போது கூட இருக்கிறவனுக்குச் செய்ய எதுவும் இல்லை. ரசம் வைக்கலாம், கார் ஓட்டலாம், இன்சூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டலாம். அப்புறம்? சும்மா உட்கார்ந்திருந்த அந்த மாதங்களின் பாக்கியைத்தான் நான் மிதித்துத் தீர்க்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஓட்டுவது கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் ட்ரூரோ மேடுகளில் எதிர்க்காற்று வந்தால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனாலும் எனக்குப் பெரிய மலை, பணம் கேட்டு எழுத வேண்டிய கடிதம். ஒவ்வொருவரும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று பல ஆயிரம் டாலருக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். துண்டு விழுந்தால் நம் கிரெடிட் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அதனால் கேட்டே ஆகணும். கேட்டால் காரணத்தைச் சொல்லணும். ஊரில் எல்லோரிடமும் ‘அவளுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை’ என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். நம் வீடுகளில் அந்த வியாதியின் பெயரை எவ்வளவு மெதுவாகச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எழுதிக் காட்டினேன். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து ‘புற்றுநோயை வென்ற வீராங்கனை’ என்ற வரியை அடித்தாள். ‘மருந்து ஏத்தினாங்க, வாந்தி எடுத்தேன், சரியாச்சு. அதை எழுதுங்க போதும்.’ அப்படியே அனுப்பினேன். பணம் வந்தது, சரி. நான் எதிர்பார்க்காதது திருச்சியிலிருந்து மாமா போட்ட போன். அவருக்குப் புராஸ்டேட்டில் ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் ஆகிறதாம். அத்தைக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். கடைசியில் டாலரில் எப்படி அனுப்புவது என்று கேட்டார்.

வாசகர், டல்லஸ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நேரே ஒரு செக் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சைக்கிள் விலை, ஜெர்சி, பந்தோபஸ்து, பந்தி... ஓட்டுகிறவர்களின் பொழுதுபோக்குக்கு நாம் மொய் எழுதுகிறோமோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஓட்டுகிறவர், வொர்செஸ்டர்

நியாயமான கேள்வி, சில பயணங்களில் செலவே பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. கொடுக்குமுன் கணக்கைப் பாருங்கள். இதில் 2007 முதல் நாங்கள் திரட்டுவது முழுதும் டேனா-ஃபார்பருக்குப் போகிறது. செலவைப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். இதைத் தொடங்கிய பில்லி ஸ்டார், தாயை 1974-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-ல் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து 36 பேரோடு கிளம்பினார், 10,200 டாலர் சேர்ந்தது. இன்றுவரை சேர்ந்தது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. செக் எழுதுகிறேன் என்று சொன்ன எத்தனை பேர் எழுதினார்கள்? நான் எழுதியதில்லை. யாராவது எதிரே வந்து நின்று கேட்டால்தான் கை பர்ஸுக்குப் போகிறது.

ஹாரோ, லண்டன்

இங்கே ஜூனில் லண்டன்–பிரைட்டன் சைக்கிள் ஓட்டம். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்காக, 54 மைல். எங்கட ஆக்களுக்கு இதயம்தானே கண்டம். தெற்காசியர்களுக்கு இங்கே மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. அண்ணை ஐம்பது வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தபின் நான் சேர்ந்தேன்.

கடைசியில் டிச்லிங் பீக்கன் என்று ஒரு ஏற்றம் வரும். பாதிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். நானும் அப்படித்தான். தள்ளிக்கொண்டு நடக்கிற இடத்தில்தான் சனம் கதைக்கும். ஓட்டும்போது மூச்சு விடவே காணாது. என் பக்கத்தில் வந்த மனுசி தன் கணவருக்குச் சமையலறையில் நெஞ்சை அமுக்கி உயிர் பிடித்தவர். ஆம்புலன்ஸ் வரும்வரை போனில் ஒருவர் எண்ணிக்கொடுக்க இவர் அமுக்கியிருக்கிறார். கணவர் எங்கே என்று கேட்டேன். ‘முன்னுக்குப் போயிட்டார், என்னை விட்டுட்டு’ என்று முறைத்தார்.

பழைய எம்.எம்.சி. மாணவர், நியூ ஜெர்சி

டேனா-ஃபார்பர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிட்னி ஃபார்பர் 1947-ல் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்தார். நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியது அப்போதுதான். அந்த மருந்து வந்தது லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். ஆந்திராவில் பீமாவரத்துக்காரர், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். காந்தி சொன்னார் என்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் கவுன் போட்டுக்கொண்டு போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். தராமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1948-ல் இறந்துபோனார்.

நான் ஓட்டுவதற்குச் சொந்தத்தில் நோயாளி யாரும் இல்லை. எங்கள் காலேஜ்காரர் தொடங்கி வைத்த வேலை என்ற வீம்புதான். கடிதத்திலும் இந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கஞ்சன்கள்கூடப் பர்ஸைத் திறக்கிறார்கள். தெலுங்கு நண்பர்கள் எங்களைவிட ஒரு டாலராவது கூடப் போட்டுவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புகிறார்கள்.