ஆயக்குடிக் கொய்யாவில் ஜாம்: 95 ரூபாய்க்கு மூன்று பாட்டில்

பழநி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொய்யா விலை இறங்கிவிடும். ஆயக்குடித் தோட்டங்களிலிருந்து வந்த பழம், மறுநாள் வரை நிற்காது என்று மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். போன சீசனில் அப்படித்தான் கிலோ 20 ரூபாய்க்கு நன்றாகக் கனிந்த பழமாக இரண்டு கிலோ எடுத்தேன். ஜாம் போடப் போகிறேன் என்று சொன்னதும், கூடை வைத்திருந்த பாட்டி பையிலிருந்து நாலைந்து பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் செங்காயாகப் பார்த்துப் போட்டார். "எல்லாமே கனிஞ்சதா இருந்தா இறுகாது கண்ணு" என்றார்.

பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்று அன்று ராத்திரியே தெரிந்தது. ஜாமை இறுக வைப்பது பழத்திலிருக்கும் பெக்டின். செங்காயில் அது நிறைய இருக்கும், பழம் கனியக் கனிய உடைந்துபோகும். கால் பங்கு செங்காய் சேர்ந்தால் போதும், கொய்யாவுக்குத் தனியாகப் பெக்டின் பொடி வாங்க வேண்டியதே இல்லை.

அதற்கு முந்தின வருஷம் செய்தது வீணாய்ப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்கிறேன் என்று சர்க்கரையில் கை வைத்தேன். ஒன்றரைக் கிலோ விழுதுக்கு 400 கிராம்தான். கொய்யா விழுது இயல்பிலேயே கெட்டி என்பதால் பார்க்க ஜாம் மாதிரியே இருந்தது. ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. மேலோட்டமாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், பூஞ்சை உள்ளேயும் இறங்கியிருக்கும். இரண்டு பாட்டிலையும் கொட்டிவிட்டேன், பழமும் போச்சு, கேஸும் போச்சு.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. பழத்திலுள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிருமிக்குக் கிடைக்காமல் செய்வதே அதுதான். கடை ஜாமிலும் கரையும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. பழநிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பஞ்சாமிர்தத்தை அடுப்பில் ஏற்றுவதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. நாட்டுச் சர்க்கரையும் தேனும்தான் அதைக் காக்கின்றன.

சரி, போன சீசனில் செய்தது. பழத்தை நறுக்கி, பாதி முங்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, குக்கரில் இரண்டு விசில். ஆறியதும் சல்லடையில் தேய்த்து விதையை நீக்கினேன். விழுது ஒன்றரைக் கிலோ வந்தது. சர்க்கரை ஒரு கிலோ 45 ரூபாய், எலுமிச்சை இரண்டு 10 ரூபாய். சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் விழுதில் கலந்து காய்ச்சினேன். அகலமான, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம்தான் நல்லது. வாய் அகலமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், கேஸ் மிச்சமாகும். அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. கடைசிப் பத்து நிமிஷம் கிண்டுவதை நிறுத்தவே முடியாது, குமிழி வெடித்துத் தெறிக்கும். நீளமான கரண்டியும் கைமேல் ஒரு துண்டும் அவசியம். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினேன். சுருக்கம் விழுந்தது, உடனே அடுப்பை அணைத்துவிட்டேன். பாட்டில்களைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, ஈரம் போகக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் ஜாமையும் சூடாகவே ஊற்றி மூடினேன்.

மூன்று அரைக்கிலோ பாட்டில் நிறைந்து, ஒரு கிண்ணம் மிச்சம். கேஸ் போக மொத்தம் 95 ரூபாய். உங்களுக்கு என்ன பழத்தில், எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

கம்பத்திலிருந்து:

எங்கள் ஊரில் பன்னீர் திராட்சைதான் மலிவு. கொத்திலிருந்து உதிர்ந்த பழத்தைத் தனியாக, பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ஆனால் கொய்யா மாதிரி இது லேசில் இறுகாது அக்கா. முதல் தடவை இறுகவில்லையே என்று காய்ச்சிக்கொண்டே போனேன், திராட்சை வாசனையே போய் வெல்லப்பாகு வாசனை வந்துவிட்டது. அடுத்த தடவை எலுமிச்சை விதையையும் உள்தோலையும் வெள்ளைத் துணியில் முடிந்து, பழத்தோடு சேர்த்து வேகவைத்துப் பிழிந்து எடுத்தேன். அதில் பெக்டின் நிறைய இருக்கிறதாம், நன்றாக இறுகியது. தோலோடு வேகவைத்து அப்புறம் வடிகட்டுங்கள், அந்தக் கருஞ்சிவப்பு நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து:

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மே மாதம் பிளம்ஸ் வரும்போது, அடிபட்ட பழத்தை மலிவாக வாங்கி ஜாம் போடுவேன். ஜாம் பதம் 105 டிகிரி என்று படித்துவிட்டு வெப்பமானி வாங்கினேன். 98, 99 என்று ஏறுகிறது, நானும் காத்திருக்கிறேன். கடைசியில் கரண்டியே நிற்கும் அளவுக்கு மிட்டாயாகிவிட்டது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீரே 93 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே கொதித்துவிடுகிறது. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலைந்து டிகிரி என்பதுதான் உண்மையான கணக்கு, அதனால் எங்களுக்கு 97 போதும். நீங்கள் சொன்ன தட்டுச் சோதனைக்கு இந்தத் தொல்லையே இல்லை, எந்த ஊருக்கும் ஒன்றுதான். பிளம்ஸ் புளிப்பு என்பதால் நான் எலுமிச்சையும் சேர்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட வளவில் விளாத்தி நிற்கிறது, பழத்துக்குக் காசே இல்லை. அம்மா விழுந்த பழத்தைப் பொறுக்கி ஓட்டை உடைத்து, கொஞ்சம் சுடுதண்ணீரில் பிசைந்து, வடியில் தேய்த்து விதையையும் நாரையும் எடுத்துவிடுவா. சீனி மட்டும்தான் செலவு. தேசிக்காய், நீங்கள் சொல்லும் எலுமிச்சை, தேவையில்லை, பழமே புளிப்பு. இறுகுவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், விளாம்பழத்தில் பெக்டின் அவ்வளவு. அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் இளக்கமாகவே இருக்க வேண்டும். ஒருமுறை நான் நல்லாய்க் கெட்டியாகட்டும் என்று விட்டு, ஆறின பிறகு போத்தலுக்குள் இருந்து கத்தியால் வெட்டித்தான் எடுத்தோம்.

மறுபடி பழநியிலிருந்து:

கம்பம் சகோதரி சொன்ன விதை முடிச்சை அன்னாசியில் செய்து பார்க்கப் போகிறேன், அதுவும் எனக்கு ஒருமுறை இறுகாமல் பாகாக நின்றது. யாழ்ப்பாண அக்கா, இங்கே விளாம்பழம் பிள்ளையார் சதுர்த்திக்குத்தான் சந்தைக்கு நிறைய வருகிறது. பூஜை முடிந்த மறுநாள் மிஞ்சியதை வாங்கி வைக்கிறேன். கூடைக்காரப் பாட்டிக்கு ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து மோந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை வருவதை முந்தின நாளே சொல்லச் சொன்னார், செங்காயைத் தனியாக எடுத்து வைக்கிறாராம்.