மலை ஏறித்தான் கடலுக்கு: ‘அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு’ வாட்ஸ்அப் குழு

கவின்: தை நோம்பி (பொங்கல்) முடிந்த வாரம் கேரளக் கடற்கரைப் பயணம் உறுதிதானே? பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போனால் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுங்கல்லூர் சேர்ந்துவிடலாம். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த மேட்டில் ஊர்ந்து ஏறும் வேலையும் இல்லை.

மயில்சாமி மாமா: திரும்பி வர அது போதும். போகும்போது ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி.

கவின்: 40 கொண்டை ஊசி வளைவு மாமா!

மயில்சாமி மாமா: இருக்கட்டும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நின்று ஆழியாறு அணையைப் பார். அதற்குப் பிறகு நான்குவழிச் சாலையைப் பற்றிப் பேசு. பாறை விளிம்பில் வரையாடு நின்றாலும் நிற்கும்.

நிலா: எனக்கு நான்காவது வளைவிலேயே குமட்டும்.

வசந்தா அத்தை: முன் சீட்டில் உட்கார் கண்ணு. செல்போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து வா. காலையில் வயிறு முட்ட இட்லி வேண்டாம். எலுமிச்சம்பழம் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா: நங்கை (அண்ணி), முன் சீட்டு அப்புச்சிக்கு என்று பேச்சு.

அப்புச்சி: பிள்ளை உட்காரட்டும். எனக்கு ஜன்னல் போதும்.

மயில்சாமி மாமா: அப்பா (அப்புச்சி) வருவதாலேயே இந்த வழி என்கிறேன். நம் பாசன மண்டலத்தின் முறை வந்தால் தோட்டத்துக்கு வருகிற பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பேரப்பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? வால்பாறை தாண்டினால் சோலையாறு அணை. 160 அடி நிறைந்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதுதான். அங்கிருந்து குகை வழியாகப் பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி, அப்புறம் திருமூர்த்தி, வாய்க்கால், நம் மடை. மேற்கே அரபிக்கடலுக்கு ஓட வேண்டிய ஆற்றை மலைக்குள் துளைத்துக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள்.

அப்புச்சி: முழுவதையும் திருப்பவில்லை. 1970இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. கேரளச் சோலையாறு அணைக்குப் போக வேண்டும். அதைப் பற்றிப் பேசாத விவசாயி இங்கே உண்டா?

மயில்சாமி மாமா: அதைத்தான் சொல்ல வந்தேன். அவர்கள் பக்கம் போகிற தண்ணீர்தான் சாலக்குடி ஆறாகி, அதிரப்பள்ளியில் ஏறக்குறைய 80 அடி விழுந்து, கடைசியில் பெரியாற்றோடு சேர்ந்து கொடுங்கல்லூர் பக்கத்து அழீக்கோட்டில் கடலைத் தொடுகிறது. நம் சாலையும் பெரும்பாலும் அதன் கூடவே இறங்குகிறது. பாலக்காட்டு வழியில் இது கிடைக்குமா?

கவின்: சரி, அழீக்கோட்டில் கடற்கரை இருக்கிறதா?

மயில்சாமி மாமா: முனக்கல் கடற்கரை. கவலைப்படாதே, குளிக்காமல் உன்னைக் கூட்டி வரமாட்டேன்.

அப்பா: மச்சான், வண்டி ஓட்டுவது நான். அதனால் நான் சொல்வதையும் கேளுங்கள். காலை ஐந்து மணிக்குப் பொள்ளாச்சியைத் தாண்ட வேண்டும். மளுக்கப்பாறைச் சோதனைச் சாவடியில் நுழைகிற நேரத்தை எழுதிக்கொள்வார்கள், வாழச்சாலில் அதைச் சரிபார்ப்பார்கள். நடுவில் காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்க நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. மாலையில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

அப்பா: பெட்ரோல் வால்பாறையிலேயே நிரப்புவோம். காட்டுக்குள் சிக்னலும் இருக்காது. இறக்கத்தில் இரண்டாவது கியர்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் கருகிய வாடை வரும். ஏறி வருகிற வண்டிக்கு நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். யாரும் பின்னாலிருந்து “சீக்கிரம்” என்று சொல்லக்கூடாது.

அம்மா: அதை அண்ணாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நிலா: யானை வருமா?

கவின்: வரும். 2022 நவம்பரில் அந்தச் சாலையில் கபாலி என்ற யானை எதிரே வந்ததால் ஒரு தனியார் பஸ் எட்டுக் கிலோமீட்டர் பின்னாலேயே போயிருக்கிறது! அந்த வளைவுகளில், ரிவர்ஸில்!

நிலா: நான் பாலக்காட்டு வழிக்கே ஓட்டுப் போடுகிறேன்.

மயில்சாமி மாமா: கவின், உன் வாயைக் கொஞ்சம் மூடு. நிலா, யானை நின்றால் நாமும் தள்ளி நிற்போம். ஹாரன் கூடாது, விளக்கை அடிக்கக்கூடாது, இறங்கக்கூடாது. அதற்குப் போக்கு விட்டால் அது போய்விடும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலை ஓரத்திலேயே இருக்கும், உனக்குப் பிடிக்கும்.

வசந்தா அத்தை: குரங்குக்கு ஒரு கடலை கூடப் போடக்கூடாது. அத்தையை (அம்மிச்சியை) யாராவது கவனித்துக்கொள்ளுங்கள், பழனியில் பார்த்தோம்.

அம்மா: அம்மிச்சி பக்கத்தில்தான் இருக்கிறார்கள். “நான் எப்போது போட்டேன், அது பிடுங்கியது” என்று சொல்லச் சொல்கிறார்கள். கொடுங்கல்லூர் பகவதியைப் பார்க்காமல் திரும்பினால் வண்டியில் ஏறமாட்டேன் என்றும் சொல்கிறார்கள். கண்ணகி என்று கும்பிடுகிறவர்கள் உண்டல்லவா?

அப்பா: கோயில் முதலில், கடல் பிறகு. இரவு அங்கேயே தங்கல். வால்பாறைக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில், பை எதுவும் வேண்டாம், சோதனையில் பிடித்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

வசந்தா அத்தை: கட்டுச்சோறு தூக்குப்போசியில் வரும். புளிசாதம் போதுமா, தக்காளியும் வேண்டுமா?

கவின்: இரண்டும்.

அப்புச்சி: இரண்டு நாள் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? அதை முடிவு செய்துவிட்டுப் பாஸ் எடுங்கள்.

மயில்சாமி மாமா: பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை, வண்டி எண்ணை அனுப்புங்கள்.