ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் ஆகலாமா?

கோவை_நாடோடி:
வணக்கம். வயது 28, கோவையில் மென்பொருள் வேலை. சின்ன வயதிலிருந்தே அட்லஸும் கையுமாக அலைகிற ஆள். லீவு கிடைத்தால் வெள்ளியங்கிரி, அகத்தியர் மலை என்று கிளம்பிவிடுவேன். போன ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் முதன்முறையாக ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டருடன் கடலுக்கு அடியில் நீந்துவது) செய்தேன், அதிலிருந்து வேலையில் மனசே இல்லை. பேசாமல் டைவ் இன்ஸ்ட்ரக்டர் ஆகி, வாழ்க்கை முழுக்கப் புதுப்புது இடமாகத் தேடிப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். நீச்சல் சுமார்தான். "கடலுக்கு அடியில போயா வேலை பாப்பாங்க?" என்கிறார் அம்மா. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கிணற்றுத்தவளை:
நான் அந்தமானில் இன்ஸ்ட்ரக்டர். புது இடம் பார்ப்பதுதான் ஆசை என்றால் தயவுசெய்து இந்த வேலைக்கு வராதீர்கள். கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருடத்துக்கு இரண்டு தடவை டைவ் பயணம் போகிறவர் என்னைவிட அதிகக் கடல் பார்க்கிறார். சீசன் நாட்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் நீமோ ரீஃப் என்கிற ஒரே பவளப் பாறைத் திட்டுதான். உங்களையும் அங்கேதான் இறக்கியிருப்பார்கள். முதன்முறை வருகிறவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. அதே பாறை, அதே கோமாளி மீன், "சுறா வருமா மேடம்?" என்ற அதே கேள்வி.

அதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. திருக்கை பின்னால் போனால் அதைப் பார்ப்பது மாணவர், மாணவரைப் பார்ப்பது நான். முகமூடிக்குள் கண் பெரிதாகிறதா, குமிழி விடாமல் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்துவிடுவார். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும். "மூச்சை மட்டும் அடக்காதீர்கள்" என்று முதல் பாடமாகச் சொல்வது அதனால்தான். கரைக்கு வந்த பிறகு சிலிண்டர் தூக்குவது, வெட்சூட் (டைவ் உடை) அலசுவது (உள்ளேயே சிறுநீர் கழிக்கிறவர்கள் அதிகம், சொல்லிவைக்கிறேன்), படிவம் நிரப்புவது எல்லாம் நம் தலையில்.

அப்புறம் நீ ஏன் அங்கே இருக்கிறாய் என்பீர்கள். எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம், கடலே கிடையாது. கிணற்றில் முங்கி அடிமண் எடுத்து வந்து காட்டினால்தான் அண்ணன்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். கீழே போகப் போகக் காது குத்தும், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் காது சமனாகும் என்று பல வருடம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த அடிமண் ஆசை இன்னும் விடவில்லை.

அதற்கும் இங்கே வழி இருக்கிறது, ஆனால் சம்பளத்துக்குள் வராது. ஹேவ்லாக்கைச் சுற்றி டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார் என்று பேர்போன டைவ் இடங்கள் உண்டு. எல்லாம் அவற்றைக் கண்டுபிடித்த கரேன் பையன்களின் பெயர்கள். 1925 வாக்கில் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய சமூகம் அவர்களுடையது. வாடிக்கையாளர் இல்லாத நாளில் நாங்களும் தேடிப் போவோம். தூண்டில் எங்கே சிக்குகிறது என்று மீனவரிடம் கேட்போம், கடல் வரைபடத்தில் ஆழம் திடீரென்று குறைகிற இடத்தைக் குறித்துக்கொள்வோம், எக்கோ சவுண்டரில் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கிற கருவி) மேடு தெரிந்தால் கயிறு போட்டு இறங்குவோம். பெரும்பாலும் வெறும் மணல்தான். எனக்கு அந்த மணலும் பிடிக்கும். பிடிக்காதவர்கள் ஒரு சீசனுக்கு மேல் தாங்குவதில்லை.

அதே பாறை என்று சலித்துக்கொண்டேன் அல்லவா, அதற்கும் ஒரு பலன் உண்டு. 2016 கோடையில் தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்தது. எந்தக் கிளை பிழைத்தது, எதில் பாசி ஏறியது என்பதெல்லாம் வந்து போகிறவருக்குத் தெரியாது. அங்கேயே கிடக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

சரி, நடைமுறை. டைவிங் பயிற்சிச் சான்றிதழ் தருகிற PADI அமைப்பின் முறைப்படி ஓப்பன் வாட்டர் (18 மீட்டர்), அட்வான்ஸ்டு (30), ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர், அதன் பிறகுதான் இன்ஸ்ட்ரக்டர். தேர்வுக்கு 100 டைவ் பதிவாகியிருக்க வேண்டும். ஓப்பன் வாட்டருக்கு 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்தால் போதும். டைவ்மாஸ்டருக்கு 400 மீட்டர் நேரம் வைத்து நீந்த வேண்டும், அங்கே சுமார் நீச்சல் செல்லாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, வருமானம் படுத்துவிடும். ராஜினாமா வேண்டாம் தம்பி, நீண்ட விடுப்பு கேளுங்கள்.

முத்துநகர்:
கொற்கை காலத்திலிருந்து எங்கள் பக்கம் கடலுக்கு அடியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் அப்பா சங்கு குளித்தவர். படகில் கம்ப்ரசர் ஓடும், வாயில் குழாய், அவ்வளவுதான். ஆழத்துக்கும் நேரத்துக்கும் கணக்கு கிடையாது, ஏறும்போது நடுவில் நிற்பதும் கிடையாது. அப்படி ஏறினால் உடம்பில் கரைந்த காற்று குமிழியாகி மூட்டைக் கெடுத்துவிடும். இப்போது முழங்கால் மடக்க முடியவில்லை. ஆசை மட்டும் போகவில்லை, இன்றைக்கும் கடலைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். நீங்கள் முறையாகப் படித்துவிட்டே இறங்குங்கள்.

கிணற்றுத்தவளை:
@முத்துநகர், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு மேலே வாருங்கள் என்றால் "அதெல்லாம் எதுக்கு?" என்கிற மாணவர்களுக்கு இனி உங்கள் அப்பாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கோவை_நாடோடி:
நன்றி அக்கா. மணல் விஷயம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. இன்னொன்று, எனக்கு சைனஸ் தொல்லை உண்டு. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

கிணற்றுத்தவளை:
கூடாது. ஆழத்தில் இருக்கும்போது மாத்திரையின் வேகம் குறைந்தால், ஏறும்போது உள்ளே விரிகிற காற்றுக்கு வெளியே வர வழி இருக்காது. வலி உயிர் போகும். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், டைவிங் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருத்துவப் படிவத்தில் சைனஸ் கேள்விக்கு "ஆம்" என்று எழுதினால் அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் இறக்க மாட்டார்கள். "இல்லை" என்று பொய் எழுதிவிட்டு என் வகுப்புக்கு வராதீர்கள்.