த்ராஷ்: ‘விரைபூட்டு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

நம் டிராக் ரேஸ் (drag race: நேர்பாதையில் இருவர் இருவராக ஓட்டும் குறுந்தூர வேகப் பந்தயம்) கலைச்சொல் பட்டியலில் ‘த்ராஷ்’ (thrash) என்பதற்கு ‘அவசரச் சீரமைப்பு’ என்று போட்டிருக்கிறோம். பொருள் தவறில்லை. ஆனால் சாலைப் பள்ளத்தை மூடுவதற்கும் இதையேதான் எழுதுகிறோம். பந்தயக் குழுக்கள் சொல்வது வேறு வேலையை: அடிபட்ட வண்டியை அடுத்த ஓட்டத்துக்குள் ஓடவைப்பதை.

தகுதி ஓட்டத்தில், அதாவது பிரதான போட்டியில் இடம்பிடிப்பதற்கான ஓட்டத்தில், வண்டி பிடிமானம் இழந்து பக்கச் சுவரில் உரசிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநருக்குக் காயமில்லை. வண்டியை இழுத்து வந்ததும் சட்டகத்தைப் பார்ப்பார்கள்: குழாய் வளைந்திருக்கிறதா, பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் உண்டா? சட்டகம் தேறாது என்றால் எஞ்சின், கிளட்ச், பின் அச்சு எல்லாவற்றையும் கழற்றி மாற்றுச் சட்டகத்தில் பூட்ட வேண்டும். ஆய்வாளரும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இத்தனையும் அடுத்த ஓட்டத்துக்கான அழைப்புக்குள் முடிய வேண்டும். அந்தக் கெடு இல்லாவிட்டால் அது த்ராஷே இல்லை.

டிராக் ரேஸின் மிக வேகமான வகையான டாப் ஃபியூயல் வண்டிகளின் எஞ்சினை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிரித்துக் கோக்கிறார்கள். அதுவும் வேகமான வேலைதான், ஆனால் திட்டமிட்டது. அதற்கு ‘இடைப் பராமரிப்பு’ போதும், இரண்டையும் கலக்க வேண்டாம்.

த்ராஷுக்கு ‘விரைபூட்டு’ என்பது என் பரிந்துரை. பட்டறையில் ‘கழற்றிப் பூட்டு’ என்பது புழங்கும் பேச்சு. கதவுப் பூட்டு நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். அங்கே யாரும் குழம்புவதில்லை. ‘இரவெல்லாம் விரைபூட்டினார்கள்’ என்று வினையாகவும் நிற்கிறது. ‘அவசரச் சீரமைப்பு’ அப்படி வளையாது.

எழுதிப் பார்த்தேன் (என்எச்ஆர்ஏ என்பது அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு): ‘என்எச்ஆர்ஏ போட்டிகளில் தகுதி ஓட்டங்களில் எடுத்த மிகச் சிறந்த நேரமே கணக்கு. வெள்ளிக்கிழமையே நல்ல நேரம் எடுத்த குழு, சனிக்கிழமை சுவரில் உரசினாலும் மீதி ஓட்டங்களை விட்டுவிட்டு ஞாயிறு காலைவரை விரைபூட்டலாம். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் தேறும் முதல் 16 இடங்களுக்கு வெளியே நிற்கும் குழுவுக்கு அந்த அவகாசம் கிடையாது.’ எனக்கு உறுத்தவில்லை.

அப்புறம், ‘தகுதிச் சுற்று’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம் என்பேன். இருவர் இருவராக ஓடினாலும் அங்கே போட்டி கடிகாரத்தோடுதான், தோற்று வெளியேறுவது ஞாயிற்றுக்கிழமைதான். ‘சுற்று’ அதற்கே இருக்கட்டும், இது ‘தகுதி ஓட்டம்’. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையேல் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.