அமெரிக்கக் கிட்டாரும் அயல்நாட்டில் செய்த அதன் மலிவுப் பதிப்பும்: விலை வேறுபாடு நியாயமானதா?

ஆறுதந்தி:
கிப்சனுக்கும் அதன் மலிவுப் பிராண்டான எபிஃபோனுக்கும், கலிபோர்னியாவின் கொரோனாவில் ஃபெண்டர் நிறுவனம் செய்யும் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் அந்நிறுவனத்தின் மலிவுப் பிராண்டான ஸ்குவயருக்கும் இடையிலான விலை வேறுபாடு முழுவதும் கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயருக்கே போகிறது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃபெண்டரின் அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் 2 வரிசையில் விரல்கள் கம்பியை அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்கும், ஹெட்ஸ்டாக்கின் அருகே கம்பிகளைத் தாங்கும் நட் எலும்பால் ஆனது, சுருதியை அசைக்கும் நெம்புகோல் அமைப்பான ட்ரெமொலோவின் கட்டை எஃகால் ஆனது. மலிவான கிட்டார்களில் நட் பெரும்பாலும் பிளாஸ்டிக், கட்டை துத்தநாகக் கலவையின் வார்ப்பு. நெடுநேரம் வாசிப்பவரின் கை இதை உணர்ந்தே தீரும்.

கம்பிமீட்டி:
வேறுபாடு உண்மைதான், ஆனால் அது அந்த விலைக்கு ஈடாகாது. ஜப்பானிய நகல்கள் அசலோடு போட்டியிடும் தரத்தை எட்டிவிட்ட காரணத்தால்தான், 1982இல் ஃபெண்டரே அங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, மட்சுமோட்டோவின் ஃபூஜிகென் ஆலையில் தன் கிட்டார்களைச் செய்யவைத்தது. அந்த ஆலையின் தொடக்ககால ஸ்குவயர்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். மெக்சிகோவின் என்செனாடாவிலும் கொரோனாவிலும் மரத்தைக் கடைவது கணினி இயக்கும் இயந்திரமே. பெரிதும் மாறுவது கூலி. கூலி குறைவு என்பதற்காகப் பொருளையும் குறைவாக மதிப்பது, அதைச் செய்த கைகளுக்கு இழைக்கும் அநீதி.

பட்டறைக்காரர்:
கிட்டார்களைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இயந்திரம் மரத்தை வெட்டித் தந்த பிறகு மனிதர் செலவிடும் நேரத்தில்தான் விலையின் பெரும்பகுதி இருக்கிறது. ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளைச் சமன்செய்வது, அவற்றின் முனைகளை அரத்தால் உருட்டுவது, நட்டின் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது ஆகியவை பொறுமையைக் கேட்கும் வேலைகள் என்பதால், மலிவான வரிசைகளில் முதலில் சுருக்கப்படுபவையும் அவையே. சுருதி நிற்கவில்லை என்று என்னிடம் வரும் பலர் கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீயைக் குறை சொல்வார்கள்; பெரும்பாலும் குற்றவாளி, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் நட்டின் பள்ளம்தான். இதை ஒரு நல்ல கைவினைஞர் சரிசெய்துவிடலாம். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பில், செராமிக் காந்தம் உள்ளதைக் கழற்றி, அல்னிகோ என்ற உலோகக்கலவைக் காந்தம் உள்ளதைப் பொருத்துவதும் எளிது. ஆனால் முறுக்கிக்கொண்ட நெக்கையும் (கிட்டாரின் நீண்ட கழுத்து), சரியாக உலராத மரத்தையும் எந்தச் செலவும் முழுமையாக மீட்காது. ஆகவே மலிவான கிட்டார் வாங்குபவர் மற்றவற்றை விட்டுவிட்டு, முதலில் நெக்கை அதன் நீளவாக்கில் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆறுதந்தி:
அப்படி மேம்படுத்தச் செலவிட்ட தொகை மறுவிற்பனையில் திரும்பாது, ஐயா. பிக்கப், நட், உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாவற்றையும் மாற்றினாலும் வாங்குபவர் ஸ்குவயரின் விலையையே தருவார்.

கம்பிமீட்டி:
விற்பதற்காக வாங்குபவருக்கு அது பொருந்தும், வாசிப்பதற்காக வாங்குபவருக்குப் பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கிப்சனின் லெஸ் பால் என்ற மாடலின் ஹெட்ஸ்டாக் சுமார் 17 பாகை பின்சாய்ந்தது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடுக்காகக் குடையப்பட்ட இடத்தில், மஹோகனியின் இழை குறுக்கே ஓடும் மெல்லிய பகுதி கீழே விழுந்தால் முறிந்துவிடுகிறது. எத்தனை உயர்ந்த விலை கொடுத்தாலும் இந்தக் குறை கூடவே வருகிறது. நேரான ஹெட்ஸ்டாக் உள்ள மலிவான ஸ்குவயரில் இந்த அச்சம் மிகக் குறைவு.

ஆறுதந்தி:
முறிவதை மறுக்கவில்லை. ஆனால் சாய்ந்த ஹெட்ஸ்டாக் எபிஃபோனுக்கும் உண்டு என்பதால், அது வடிவமைப்பின் குறையே தவிர விலையின் குறை அன்று. முறிந்த பிறகு நடப்பதையும் பாருங்கள். கிப்சனின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சின் மேல் புதிய பூச்சைப் பூசினால், அது பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். எபிஃபோனின் பாலியுரித்தேன் அவ்வாறு கரைவதில்லை. புதிய பூச்சு தனிப் படலமாகவே நிற்பதால், ஒட்டிய இடத்தின் விளிம்பை மறைப்பது கடினம்.