200 டெஸ்க்டாப், 24 டிஸ்க்: தாங்குமா?
வணக்கம் நண்பர்களே. ஆபீஸ்ல 200 பேருக்கு வெர்ச்சுவல் டெஸ்க்டாப் (சர்வர்லயே ஓடுற கம்ப்யூட்டர்) போடப்போறோம். ஸ்டோரேஜ் கணக்குலதான் இடிக்குது.

ஆளுக்கு 10 ஐஓபிஎஸ்னு (நொடிக்கு எத்தனை ரீட், ரைட்ங்கிற கணக்கு) வெச்சா மொத்தம் 2,000. அதுல 70 சதவீதம் ரைட்னு எடுத்திருக்கேன். ரெய்டுங்கிறது பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுற முறை; அதுல ரெய்டு 5னா ஒரு ரைட்டுக்கு டிஸ்க்ல நாலு வேலை, ஆக 600 + 5,600 = 6,200. ரெய்டு 10னா ரெண்டே வேலை, 3,400 போதும். கையில இருக்கிறது 24 பழைய 10கே சாஸ் டிஸ்க் (நிமிஷத்துக்கு 10,000 சுத்து சுத்துற சர்வர் ஹார்டு டிஸ்க்); ஒண்ணு 140 ஐஓபிஎஸ் குடுத்தாலே பெரிசு, எல்லாம் சேர்ந்து 3,360, ரெய்டு 10க்கே பத்தல. மேனேஜருக்கு டெராபைட் மட்டும்தான் கண்ணுல படுது, "இடம் நெறைய இருக்கே"ங்கிறார்!

இதுல காலை 9 மணி லாகின் கூட்டத்தை நான் சேர்க்கவே இல்ல. மாஸ்டர் இமேஜை (எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொதுவான மூலப் பிரதி) எஸ்எஸ்டில வெச்சா ரீட் சமாளிக்கலாம். ரைட்டுக்கு என்ன பண்றது?

இந்த அளவுல ஓட்டினவங்க, ஆளுக்கு நிஜமா எவ்வளவு ஐஓபிஎஸ் வந்துச்சுன்னு சொல்லுங்களேன். பைலட்டுல (சோதனை ஓட்டத்துல) எத்தனை நாள் அளந்தீங்க?